காந்தம் ஒட்டாத இடுப்பு

ஜூலை 17, 2009, வெள்ளி. ஆடி 1

மதுரை டாக்டர் ஜெபராஜ் என் இடுப்பு வலியைப் பற்றித் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். எப்போது வலிக்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், உடம்பில் வேறு ஏதாவது மாற்றம் உண்டா என்று ஒரு மாதம் எழுதிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். ஆகவே இது டாக்டருக்கான நாட்குறிப்பு. டாக்டர் அவர்களுக்கு வணக்கம்.

என் பெயர் பிரமநாயகம். வயது அறுபத்து நான்கு. தென்காசியில் எவர்சில்வர் பாத்திரக் கடை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கடையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு தம்ளரிலும் பெயர் வெட்டிக் கொடுத்துப் பழகியவன் நான். பெயர் போடாமல் எதையும் ஆரம்பிக்கக் கை வராது.

போன வருடம் ஆனி மாதம் நீங்கள்தான் என் வலது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புதிது வைத்தீர்கள். இரண்டு வகை காட்டினீர்கள். ஒன்றில் கிண்ணம் பிளாஸ்டிக். மற்றதில் கிண்ணமும் உலோகம், அதற்குள் சுழலும் குண்டும் உலோகம். எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. என் கடைக்கு நேர் எதிரே மைதீன் பிச்சை முப்பது வருடமாகப் பிளாஸ்டிக் வாளியும் பீங்கான் ஜாடியும் விற்றுக்கொண்டிருக்கிறார். இடுப்பில் பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு நான் தினமும் அவர் முகத்தில் எப்படி விழிப்பது. குண்டில் பெயர் வெட்டித் தரட்டுமா, ஆஸ்பத்திரியில் மாறிப் போகாமல் இருக்கும் என்று நான் கேட்டதும், நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விட்டு வந்ததும் நினைவிருக்கும்.

என் கவலை ஒன்றுதான். ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். சீர்ப் பாத்திரம் வாங்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அப்போது நான் கல்லாவில் நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் என் மகன் குற்றாலிங்கம் என்னை வீட்டில் உட்கார வைத்துவிடுவான். உட்கார்ந்தால் செத்துப்போவேன்.

இன்று வலி: இல்லை. (படி ஏறும்போது மட்டும் கொஞ்சம்.)

ஜூலை 18, சனி

வலி: இல்லை. (படி இறங்கும்போதும்.)

ஜூலை 19, ஞாயிறு

காலையிலிருந்து குற்றாலச் சாரல். வாயில் ஆணியைப் போட்டுச் சப்பிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு ருசி. சாம்பாரைச் சந்தேகப்பட்டேன்.

"என்ன அத்தான், சாம்பாரை மொறைச்சிக்கிட்டே இருக்கிய?" என்றாள் வடிவு.

வடிவு என்கிற செண்பகவடிவு என் மனைவி. தாய்மாமன் மகள். நல்லவள், ஆனால் காதில் ஈர்க்குச்சி வைத்திருப்பாள். இதை விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். எட்டு வருடத்துக்கு முன் மகள் கல்யாணத்தில் தன் தங்கத் தோட்டைக் கழற்றி மகளுக்குப் போட்டுவிட்டாள். நான் உடனே அவளுக்கு நல்ல கவரிங் தோடு வாங்கிக் கொடுத்தேன். கல்லெல்லாம் வைத்தது. ஒரே வாரத்தில் காது புண்ணாகிவிட்டது, கவரிங் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றாள். திருகாணியில் நகப்பூச்சு தடவிப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க விளக்குமாற்றிலிருந்து இரண்டு குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டாள். இன்றுவரை அதுதான்.

தங்கம் கேட்கப் பெண்களுக்கு எத்தனையோ வழி. உலோகம் யாரையும் ஒன்றும் செய்யாது. நாற்பது வருடம் அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா.

ஜூலை 22, புதன்

இன்று கடையில் ஒரு சம்பவம். கடையநல்லூரிலிருந்து ஒரு அம்மாள் அரிசி டிரம் வாங்க வந்தாள். மேல் தட்டிலிருந்து டிரம்மை எடுக்க நான் காலைத் தூக்கி வைத்தபோது 'கீச்' என்று ஒரு சத்தம்.

"எலி கிடக்கா அண்ணாச்சி?" என்றாள்.

"நம்ம கடையில ஏதும்மா எலி," என்று திரும்பினேன். மறுபடியும் 'கீச்'.

அந்த அம்மாள் டிரம்முக்குள் குனிந்து பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டாள். நேரே எதிர்க் கடைக்குப் போனாள். பிளாஸ்டிக் டிரம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சத்தம் என் இடுப்பிலிருந்து வருகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

சாயங்காலம் மைதீன் பாய் ஆள் அனுப்பி ஓர் எலிப்பொறி கொடுத்தார். பிளாஸ்டிக் எலிப்பொறி. இலவசமாம்.

ஜூலை 24, வெள்ளி

இடுப்பில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். எண்ணெய் வேட்டியோடு நின்றுவிட்டது, உள்ளே போகவில்லை. கீச்.

ஜூலை 26, ஞாயிறு

டாக்டர், இன்று நானே ஒரு பரிசோதனை செய்தேன்.

எங்கள் தொழிலில் எவர்சில்வரைச் சோதிக்க ஒரு காந்தத் துண்டு போதும். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உசத்தி. கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்போம். நீங்கள் வைத்த சரக்கு எப்படி என்று ஒரு வருடமாகப் பார்க்காமலேயே இருந்துவிட்டேன் என்பது இன்றுதான் உறைத்தது. நூல் எட்டவில்லை. ஆகவே நான் ஒரு முக்காலியில் ஏறி, இடுப்பைக் கொண்டுபோய்க் காந்தத்தில் வைத்தேன். முன்னால், பக்கவாட்டில், பின்னால். எங்கும் ஒட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஷட்டரைப் பாதிதான் திறந்திருந்தேன். அந்தப் பாதி வழியாகக் குற்றாலிங்கம் குனிந்து வந்துவிட்டான்.

"அப்பா, மொதல்ல கீழ இறங்குங்க."

"அசல் சரக்குடா. துளி ஒட்டல," என்றேன்.

அவன் காந்தத்தை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

எப்படியோ, ஒன்று தெளிவாகிவிட்டது. இடுப்பில் இருப்பது முதல் தரம். எனவே வலிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. முக்காலியிலிருந்து இறங்கும்போது கண்ணில் நீர் வந்தது, அது தூசி.

ஜூலை 30, வியாழன்

தொடையில் தடிப்பும் அரிப்பும். சொறிந்து சொறிந்து சிவந்துவிட்டது. வடிவு விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "என் காதுல வந்ததும் இதே மாதிரிதான் அத்தான். உங்களுக்கும் ஒத்துக்கல," என்றாள். பேச்சோடு பேச்சாக என் மணிக்கட்டுக் கைக்குட்டையையும் இழுத்தாள். வாட்சுக்கு அடியில் நான் கைக்குட்டை கட்டிக்கொள்வது வியர்வைக்காக. முப்பது வருடப் பழக்கம். இதை இங்கே எழுத வேண்டிய அவசியமே இல்லை.

வலி: இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 3, திங்கள்

இடுப்புக் கவட்டில் ஒரு கட்டி. எலுமிச்சம்பழம் அளவு. அமுக்கினால் நீர் மாதிரி அசைகிறது. இரண்டு மணி நேரம் கல்லாவில் நின்றேன், அதற்கு மேல் முடியவில்லை. சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். வாடிக்கையாளர்களிடம் சரக்கு எண்ணுகிறேன் என்று சொன்னேன்.

குற்றாலிங்கம் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் இங்கேயே எக்ஸ்ரே எடுத்தான். படத்தில் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதாம். படத்தைத் தூக்கிப் பிடித்து, "பாருங்கப்பா, பளபளன்னு இருக்கு. எல்லாம் கரெக்டாத்தான் இருக்குன்னு சொல்லுதாங்க. உங்களுக்கு வலி மனசுலதாம்ப்பா," என்றான். பிறகு ரொம்ப அன்பாக, "நாலு பேரு வந்து விசாரிக்கணும்னு ஆசையா இருந்தா சொல்லுங்க, வரச் சொல்லுதேன்," என்றான்.

எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. வலிக்கிறவன் வலிக்கிறது என்கிறான். அதற்கு மேல் என்ன சாட்சி கொண்டுவருவான். ஒரு மனிதன் சொல்வதை வீட்டில் இருக்கிறவர்களே நம்பாவிட்டால் அவன் யாரிடம் போவான் என்று வடிவிடம் கேட்டேன்.

அவள் காதில் ஒரு குச்சி நழுவியிருந்தது, அதைச் சரிசெய்துகொண்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெந்நீர் ஒத்தடம் கொண்டுவந்தாள்.

ஆகஸ்ட் 5, புதன்

டாக்டர் ஐயாவுக்கு. இவர் கடைக்குப் போயிருக்கும்போது எழுதுகிறேன். இவர் 'வலி இல்லை' என்று எழுதிய நாள் எல்லாம் வலி உண்டு. ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை. காதும் சரியாகக் கேட்கவில்லை. டி.வி. சத்தத்தைத் தெரு முழுக்க வைக்கிறார். கைக்குட்டை ஏன் கட்டுகிறார் என்று தயவுசெய்து கேளுங்கள். இடுப்பில் பெல்ட் போட்டு ஏன் பேண்ட் உடுத்துவதில்லை என்றும் கேளுங்கள். இப்படிக்கு, செண்பகவடிவு பிரமநாயகம்.

ஆகஸ்ட் 6, வியாழன்

மேலே உள்ள பக்கத்தை இப்போதுதான் பார்த்தேன். கிழிக்கலாம் என்று நினைத்தேன். கிழித்தால் அதன் மறுபக்கத்தில் நான் எழுதிய கடைச் சாமான் பட்டியலும் போய்விடும். ஆகவே விட்டிருக்கிறேன். வேட்டி தமிழனின் உடை.

ஆகஸ்ட் 17, திங்கள். ஆவணி 1

ஆவணி பிறந்துவிட்டது. நான் கல்லாவில் இல்லை. மதுரையில் உங்கள் அறையில் இருந்தேன். அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும் என்றாலும் எழுதுகிறேன், எனக்கு எழுதிப் பழகிவிட்டது.

நீங்கள் இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து வாசித்தீர்கள். காந்தம் வரும் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். எலிப்பொறி வந்த இடத்திலும் துடைத்தீர்கள். வடிவு எழுதிய பக்கத்தில் மட்டும் துடைக்கவில்லை. விரல் அங்கேயே நின்றது.

"கர்சீப்பை அவிழுங்க," என்றீர்கள்.

அவிழ்த்தேன். மணிக்கட்டில் வாட்ச் அளவுக்கு வட்டமாக ஒரு கறுத்த தழும்பு. முப்பது வருடத்துக்கு முன் முதல் வாட்ச் கட்டியபோது வந்தது. கைக்குட்டை இல்லாமல் கட்டினால் இன்றும் கொப்புளம் வரும்.

"போன வருஷம் நர்ஸ் கேட்டாங்களே. வாட்ச், பெல்ட், நகை ஏதாவது ஒத்துக்காதான்னு."

"பாத்திரக் கடைக்காரன்கிட்ட கேக்குற கேள்வியாம்மான்னு சொன்னேன் டாக்டர்."

வடிவு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நீங்கள் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினீர்கள். "சரக்கு உசத்திதான், அதுல குறை இல்ல. ஆனா குண்டும் கிண்ணமும் உரசுறப்ப தூள் உதிருது. கண்ணுக்கே தெரியாத தூள். கோபால்ட், குரோமியம். சில பேர் உடம்பு அதைக் கண்டுக்காது. சில பேர் உடம்பு எதிரி வந்துட்டான்னு சண்டைக்குப் போகும். அந்தச் சண்டையில ஊறுற நீர்தான் உங்க கட்டி. வாட்ச் கடிச்சவங்களுக்கெல்லாம் இடுப்பும் கடிக்கும்னு நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா முன்னாடியே சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன்."

"எனக்குக் கவரிங் ஒத்துக்காது டாக்டர். இதே மாதிரியா?" என்று வடிவு கேட்டாள்.

"உங்களுக்கு அநேகமா நிக்கலா இருக்கும்மா. உலோகம் வேற, சண்டை ஒரே வகைதான். காது ரொம்பப் புண்ணாச்சா?"

"சீழ் வச்சுது. ஒரு மாசம் ஒரு பக்கமாவே படுக்க முடியல."

அவள் காதில் சீழ் வைத்ததை நான் இன்றுதான் கேள்விப்பட்டேன். அல்லது முன்பே சொல்லியிருப்பாள். ஸ்கேனுக்கும் ரத்தத்துக்கும் எழுதிக் கொடுத்தீர்கள். ரத்தம் பம்பாய் போகிறதாம். நான் பம்பாய் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 29, சனி

முடிவு வந்துவிட்டது. என் ரத்தத்தில் கோபால்ட் இருக்க வேண்டியதைப் போல் பல மடங்கு. குற்றாலிங்கம் அந்தத் தாளை மூன்று முறை வாசித்தான். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "மன்னிச்சிருங்கப்பா," என்றான். தாள் வந்த பிறகு நம்புகிறான். பரவாயில்லை, அதையும் செய்யாமல் எட்டு வருடம் இருந்தவர்கள் உண்டு.

மறுபடி திறந்து மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் உள்ளே சதை கெட்டுவிடும், பிறகு நடப்பதே கஷ்டம் என்று நீங்கள் ஃபோனில் சொன்னீர்கள். சரி என்றேன். என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன்.

"பீங்கான் குண்டு, பிளாஸ்டிக் கிண்ணம்."

நான் ஃபோனை வடிவிடம் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

சாப்பிடவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். பீங்கானும் பிளாஸ்டிக்கும். ஒன்று இருந்தாலாவது பல்லைக் கடித்துக்கொள்ளலாம். எதிர்க் கடையின் மொத்தச் சரக்கும் என் இடுப்புக்குள்.

ஆபரேஷன் வேண்டாம், இப்படியே இருந்துவிடுகிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால் பிளாஸ்டிக் ஒரு சாக்கு. எனக்குப் பயம். போன தடவை மயக்கத்திலிருந்து விழித்தபோது நான் எங்கே இருக்கிறேன், யார் என்றே கொஞ்ச நேரம் தெரியவில்லை. பெயர் வெட்டாத பாத்திரமாகக் கிடந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று வடிவிடம் சொன்னேன்.

"நான் பக்கத்துலயே இருப்பேன் அத்தான். முழிச்சதும் பேரச் சொல்லிக் கூப்பிடுதேன்," என்றாள்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் என் பெயரைச் சொல்லியதே கிடையாது. அதைக் கேட்பதற்காவது போகலாம் என்று சம்மதித்தேன். ஒரே ஒரு நிபந்தனை, மைதீன் பாய்க்குத் தெரியக்கூடாது.

செப்டம்பர் 1, செவ்வாய்

குற்றாலிங்கம் மைதீன் பாயிடம் சொல்லிவிட்டான்.

செப்டம்பர் 13, ஞாயிறு. மதுரை ஆஸ்பத்திரி

ஒன்பதாம் தேதி நடந்தது. எழுத இன்றுதான் கை வந்தது. கண் விழித்தபோது யாரோ ஒரு பெண் மெதுவாக, கூச்சத்தோடு, "பிரமநாயகம்," என்றாள். இரண்டாம் முறை கொஞ்சம் தைரியமாக. மூன்றாம் முறை சொல்லும்போது ரசித்தே சொன்னாள். நர்ஸ் வந்து, "பாட்டி, அவரு முழிச்சு ரொம்ப நேரமாச்சு, போதும்," என்றாள்.

இன்று மைதீன் பாய் தென்காசியிலிருந்து பஸ் ஏறி வந்தார். நோன்பு வைத்திருக்கிறார், தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்து, சரக்கைப் பார்வையிடுகிற மாதிரி என் இடுப்பைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கீழ போட்டுறாதிய. பீங்கான் பாருங்க."

"உம்ம கடைச் சரக்கு இல்லவே இது. வெளிநாட்டுச் சரக்கு."

"எல்லாம் நம்ம இனம்தான்," என்றார். போகும்போது, சீர் வாங்க வந்த நாலு குடும்பத்தை, பாத்திரம் எதிர்க் கடையில்தான் நல்லாயிருக்கும் என்று தாமே குற்றாலிங்கத்திடம் அனுப்பியதாகச் சொன்னார். அவர் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

டாக்டர், கழற்றிய குண்டை நான் கேட்டேன் என்று கொடுத்தனுப்பினீர்கள். நன்றி. அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத்தான் கொடுக்க வேண்டுமா.

2010, ஜனவரி 20, புதன். தை 7

டைரி டிசம்பரோடு முடிந்துவிட்டது. பின்னால் விலாசம் எழுதும் பக்கங்களில் எழுதுகிறேன். நான் 'ஃ' பக்கத்தில் இருக்கிறேன், இங்கே எழுத வேறு யாரும் இல்லை.

தை பிறந்த மறுநாளிலிருந்து கல்லாவில் நிற்கிறேன். கட்டி இல்லை, அரிப்பு இல்லை, வாயில் ஆணி இல்லை. கீச் என்ற சத்தம் இல்லை, எனக்கே கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது. எலிப்பொறியில் நேற்று நிஜமாகவே ஓர் எலி விழுந்தது. இவ்வளவு காலம் என் இடுப்பைக் குறை சொல்லியிருக்கிறோம்.

இரண்டு நாளாக மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் அந்தக் குண்டை எடுத்து வைத்துக்கொண்டு பெயர் வெட்டும் மிஷினோடு உட்கார்ந்தேன். கையில் கைக்குட்டை சுற்றிக்கொண்டேன், வியர்வைக்காக அல்ல. நாற்பது வருடத்தில் இப்படி ஒரு கடினமான உலோகத்தில் நான் வெட்டியதில்லை. மூன்று ஊசி ஒடிந்தது. 'செண்பகவடிவுக்கு அன்புடன்' என்று தொடங்கி எட்டு வருடக் கதையையும் எழுதுவதாகத் திட்டம். ஊசி போகிற போக்கைப் பார்த்து மூன்று சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவள் கையில் கொடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் போய் உருட்டி உருட்டி வாசித்தாள். 'வடிவு சொன்னது நிஜம்.'

எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் மறைக்கவில்லை. பிறகு அவள் குண்டின் கனத்தைக் கையில் பார்த்து, "இஞ்சி தட்ட ஆகும்," என்றாள்.

"அய்யய்யோ வேண்டாம். தூள் விழும்."

"சும்மா சொன்னேன் அத்தான்."

அப்புறம்தான் சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தேன். தங்கத் தோடு. திருகாணியும் தங்கம், அதைக் கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். அவள் கண்ணாடி முன் நின்று ஈர்க்குச்சிகளை உருவி என் உள்ளங்கையில் வைத்தாள். கால் விரல் நகம் அளவுகூட இல்லை. இவ்வளவு சின்னதை எட்டு வருடம் பார்த்துக்கொண்டே, பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

தோட்டைத் திருகிக்கொண்டே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"இதுவும் ஒத்துக்காமப் போயி, காது புண்ணாச்சுன்னா?"

"நம்புதேன்," என்றேன்.

இன்று வலி: இல்லை. (இது நிஜம் டாக்டர். வேண்டுமானால் அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)